தூசி எழும்பும் புள்ளி

மதியச் சோற்றுக்கு எழுந்தால் அம்சவேணி உடனே டிபன் டப்பாவைத் திறக்கமாட்டாள். முதலில் கைப்பேசியோடு மாடிப்படிக்குப் போவாள். திருப்பதியில் அலிபிரிக்குப் போகிற சாலையில், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அவளுடைய ஆபீஸ். படிக்கட்டில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து சிரித்தாலும் அழுதாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. இங்கே ஒரு மணி என்றால் குவைத்தில் பத்தரை. அவள் புருஷன் தணிகாசலத்துக்கு அது டீ நேரம்.

"இன்னாயா, துன்னியா?"

"ஆச்சி, ஆச்சி. சிக்கன் பிரியாணி."

"காலங்காத்தால பத்தரைக்கா?"

"நேத்து மிச்சம்மே. ஃபிரிஜ்ஜில வச்சிருந்தாங்க."

"காத்து கீத்து அடிக்குதா அங்க?"

"ஏசி ரூமுல காத்து எங்கருந்து வரும்? கதவ சாத்திக்கினு சில்லுனு குந்திக்கினுகீறேன். சாமான் வருது, எழுதிக்கிறேன். சாமான் போவுது, எழுதிக்கிறேன். ராஜா வேலை."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அம்சவேணி மனதுக்குள் எண்ணினாள். ஒன்பது.

"ஏசி ஒத்துக்கல" என்றான்.

"ரெண்டு வருசமாவா ஒத்துக்கல?"

"நல்ல ஏசி. அதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அப்படித்தான். எதைக் கேட்டாலும் அவளைச் சிரிக்க வைத்துவிட்டு நழுவிவிடுவான். ஆனால் சித்தூரில் நர்சிங் படிக்கும் மகள் ஹரிதா, போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் பேசி முடித்த பிறகு, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "அம்மா, நைனாவுது ஏசி இருமல் இல்ல. ஆழத்துலருந்து வருது. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்." அதிலிருந்து அம்சவேணி சிரித்துக்கொண்டே இருமலை எண்ணுகிறாள்.

அவளுடைய வேலையைச் சொன்னால் நகரிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நம்பமாட்டார்கள். வானத்தில் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி ஒரு செயற்கைக்கோள். கால் மணிக்கு ஒரு தரம் அது பாலைவனத்தைப் படம் எடுக்கிறது. அந்தப் படத்தில் மண் வெளிர் நீலம், கெட்டியான மேகம் செங்காவி. தூசி எழும்பினால் மட்டும் நல்ல ரோஜா நிறம். அங்கே போய் நின்று பார்த்தால் தெரியும் நிறம் இல்லை அது, சூட்டை அளந்து கம்ப்யூட்டர் பூசுகிற நிறம். தூசிப் புயல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஊருக்கே தெரியும். எங்கே கிளம்பியது என்று கண்டுபிடித்து அங்கே ஒரு புள்ளி வைப்பதுதான் அம்சவேணிக்கும் அவளோடு இருக்கும் பதினான்கு பெண்களுக்கும் வேலை.

சேர்ந்த முதல் நாளே மேற்பார்வை பார்க்கிற வரதராஜன் சார் சொல்லிக்கொடுத்தார். "தூசி எங்க திக்கா இருக்கோ அங்க புள்ளி வைக்காதீங்கம்மா. ஒவ்வொரு படமா பின்னால போங்க. ரோஸ் கலர் சுருங்கிக்கினே வரும். எந்தப் படத்தில இத்துனூண்டா இருக்கோ, அதுக்கு முந்தின படத்தில ஒண்ணுமே இல்லையோ, அங்க வைங்க." மற்றவர்களுக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆனது. அம்சவேணிக்கு அரை நாள். அவள் பதினோரு வருடம் கட்டட வேலையில் மணல் சலித்தவள். சலிக்கிற மணலின் தூசி நாலு வீடு தள்ளிப் போய்த் திண்ணையிலும் துணியிலும் அப்பும். சண்டைக்கு வருகிறவர்கள் அங்கே நின்றுகொண்டு கத்துவார்கள். கிளம்பியது சல்லடைக்கு அடியில் என்பது சலித்தவளுக்குத் தெரியாதா? முப்பது வயதுக்கு மேல் சாயந்திரப் பள்ளியில் எழுத்து கற்று, முப்பத்தைந்தில் பத்தாவது தேறி, அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி பழகத்தான் அவளுக்கு நாளானது. வேலை செய்கிற உடம்பு உட்கார்ந்தே இருக்கிறதே என்று முதுகுக்குச் சந்தேகம்.

ஒரே இடத்தில் ஐந்து வெவ்வேறு நாள் தூசி எழும்பியது உறுதியானால் அந்த இடம் பட்டியலில் ஏறும். பட்டியல் அந்த நாட்டுக்காரர்களுக்குப் போகும். அவர்கள் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். தண்ணீர் தெளிக்கச் சொல்வார்கள், சரளை பரப்பச் சொல்வார்கள், முடிந்தால் செடி வைப்பார்கள். அம்சவேணிக்கு என்று ஒரு புள்ளி இருந்தது. குவைத் நகரத்துக்கு மேற்கே, வெறும் மணல்காட்டில், 29.38, 47.06 என்று எண் போட்ட இடம். இந்த வேனிலில் நாலு நாள் அங்கிருந்து ரோஜா நிறம் கிளம்புவதைப் பார்த்து வைத்திருந்தாள். ஐந்தாவது நாள், அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை. ஐந்தும் சேர்ந்ததும் பெங்களூரில் இருந்து சரிபார்க்கிறவர் சிவப்புக் கொடி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வரதராஜன் சார் அதைப் படித்துச் சொன்னார். "அந்த எடத்தில காஞ்ச ஏரி இல்ல, விட்டுப்போன நெலம் இல்ல, ஒண்ணுமே இல்லைன்றாரும்மா. வடமேற்கே தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி ஈராக் பக்கம் கிளம்பின தூசி, மெல்லிசா மேலாக வந்திருக்கும், காலையில படத்தில தெரிஞ்சிருக்காது, உங்க எடத்துக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சிருக்கும்ன்றாரு. தரையில இருக்கிற யாராவது சொன்ன தகவல் இருந்தா குடுங்க, இல்லைன்னா வெள்ளிக்கிழமை சாயந்திரம் புள்ளிய எடுத்துடுவோம்னு எழுதியிருக்காரு."

"தரையில நமக்கு யாரு சார் கீறாங்க?"

"அதான்."

பக்கத்து நாற்காலி ஜமீலா காளஹஸ்திக்காரி. ஆப்பிரிக்கப் பாலைவனம் அவளுடைய பங்கு. அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள். "பெங்களூர்ல குந்திக்கினு அவருக்கு எல்லாம் தெரியுமாம். ஏமக்கா, எனக்கும் ஒரு புள்ளி கீது, நடு சஹாராவுல. அதயும் எடுக்கச் சொல்லு, ரெண்டு பேரும் வூட்டுக்குப் போவலாம்."

அன்று புதன்கிழமை. அன்றைக்கே இன்னொன்று நடந்தது. புத்தூரிலிருந்து துலுக்காணம் என்கிற ஆள் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பியிருந்தான். போகும்போது அம்சவேணி கொடுத்த கோங்குரா ஊறுகாயும் கறிவேப்பிலைப் பொடியும் அவன் பெட்டியில் போயிருந்தன. எங்கே கொண்டுவந்து கொடுக்க என்று அவன் கேட்க, அம்சவேணி புருஷனிடம் கேட்க, தணிகாசலம் கைப்பேசியில் லொகேஷன் அனுப்பினான். அதைத் துலுக்காணத்துக்குத் தள்ளிவிடப் போனவள் கை நின்றுவிட்டது.

வரைபடத்தில் ஊர் பெயர் ஒன்றும் இல்லை. எண் மட்டும் இருந்தது. 29.38, 47.05.

மற்ற பெண்டாட்டிகளுக்கு அது வெறும் எண். இவள் நாள் முழுக்கப் படத்தின் மூலையில் பார்க்கிற எண். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு புள்ளிக்கும் நடுவே கோடு இழுத்துப் பார்த்தாள். ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. ஏசி ரூம், ராஜா வேலை என்று சொன்னவன், ரோஜா நிறம் கிளம்புகிற வாயிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

மறுநாள் மதியம் படிக்கட்டில் அவள் நேராகக் கேட்டுவிட்டாள்.

"யோவ், உன் லொகேஷன பாத்தேன். சுத்தி ஒரு ஊரும் இல்லியே. இன்னா எடம் அது?"

"கோடவுன்தான். ஊருக்கு வெளில போட்டுக்கீறாங்க. எடம் சும்மா கெடைக்குதில்ல."

"பள்ளம் கிள்ளம் தோண்டுறாங்களா பக்கத்துல?"

"சேச்சே. மணலு. வெறும் மணலு. மணலத் தோண்டி இன்னா பண்றது, அடியிலயும் மணலு."

"செவ்வாக்கெழம தூசி வந்துச்சா?"

"வந்துச்சி வந்துச்சி. ஜன்னல்ல பாத்தேன். பதினொன்னு இருக்கும். வடக்கால பக்கத்துலருந்து செவுரு மாறி எழுந்து வந்துச்சி பாரு... நான் உள்ள சில்லுனு..."

இருமல். அவள் இந்த முறை எண்ணவில்லை. மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

படங்களில் இருப்பது கிரீன்விச் நேரம். செவ்வாய்க்கிழமைப் படத்தில் அவள் புள்ளியில் ரோஜா நிறம் முளைத்தது ஐந்தரைக்கு. அதோடு மூன்றைக் கூட்டினால் குவைத் நேரம், எட்டரை. இந்தக் கூட்டல் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். ஐந்து வருடமாக அவள் கைப்பேசியில் மேலே இருப்பது குவைத் நேரம்தான். இப்போது எழுந்திருப்பான், இப்போது வண்டி ஏறுவான், இப்போது சாப்பிடுவான் என்று அந்த மணியைப் பார்த்துத்தான் அவள் சோறு வடிப்பதும் விளக்கை அணைப்பதும்.

எட்டரைக்குப் படத்தில் தெரிந்த தூசி, அங்கேயே இருக்கிறவனுக்குப் பதினொன்றுக்குத்தான் வந்தது என்றால்? அப்படியானால் எட்டரைக்குத் தெரிந்தது தரையில் கிளம்பிய தூசி இல்லை. பெங்களூர்க்காரர் சொன்ன மாதிரி, மேலே மெல்லிசாகப் போன வேறு ஊர்த் தூசி. தரையில் அது இறங்க இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. வந்த திசையும் வடக்கு. எல்லாம் சரியாகப் பொருந்தியது.

புள்ளி தப்பு.

அம்சவேணி அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தாள். வேனில் முழுக்கக் கண் வலிக்கப் பார்த்து வைத்த புள்ளி தப்பு என்றதும் இப்படிச் சந்தோஷப்பட்டவள் அந்த ஆபீஸில் வேறு யாரும் இருக்கமாட்டாள். வரதராஜன் சாரிடம் போனாள்.

"சார், தரையிலருந்து தகவல் கெடைச்சிடுச்சி. எம்புருசன் அந்த எடத்துலதான் கீறாரு. செவ்வாக்கெழம பதினொன்னுக்குத்தான் தூசி வந்துச்சாம், வடக்கேருந்து. நான் வச்சது தப்பு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "நெஜமாவா? நம்ம ஆபீஸ்ல தரைத் தகவல் இதுவரைக்கும் வந்ததே இல்லம்மா!" உடனே அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். பெங்களூரிலிருந்து ஒரு நன்றியும் வந்தது. புள்ளி சாம்பல் நிறமாக மாறியது. நாளை சாயந்திரம் ஆறு மணிக்குத் தானாக அழிந்துவிடும் என்று அதன்மேல் எழுத்து ஓடியது.

"புள்ளி போச்சேன்னு அழுவேன்னு பாத்தா, பல்லக் காட்றியே அக்கா" என்றாள் ஜமீலா.

"போனா போவட்டும் ஜமீலா. எம்புருசன் கீற எடத்துல தூசி கெளம்பல. அது போதும் எனுக்கு."

"அவுனா? அப்ப ஸ்வீட் எங்க?"

கீழே கடையிலிருந்து ஆளுக்கொரு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் துலுக்காணம் கூப்பிட்டான். வேலை நேரம். ஆனாலும் ஊறுகாய் விஷயம் என்று எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நேத்து சாய்ந்தரமே பார்சல குடுத்துட்டேன். அண்ணன பாத்தா அடையாளமே தெரிலக்கா. மாவு மில்லுல விழுந்து எழுந்தவன் மாறி, தலைலருந்து காலு வரைக்கும் வெள்ள. நாலு பேரு வரிசையா நின்னுக்கினு இருந்தாங்க, யாரு நம்மாளுன்னு தெரியாம, ஊறுகா யாருக்குன்னு கத்தினேன். ஒருத்தன் மட்டும் சிரிச்சான். பல்ல வச்சி கண்டுபுடிச்சேன்."

"எங்க நின்னுக்கினு இருந்தாங்க?"

"அந்த சல்லட மிஷின் கீதில்ல, ஜல்லி சலிக்கிறது, அதாண்ட. எப்பா, இன்னா பள்ளம்க்கா அது, நம்ம பாலசமுத்திரம் ஏரிய தூக்கி உள்ள வைக்கலாம். சின்னதா காத்தடிச்சாலே கண்ணு தெரில. அண்ணனுக்கு வேலை வேற முடியல, மணி இன்னா ஆவுதுன்னு அவரு கைய பாத்தேன், எட்டுன்னு காட்டுது. பயந்துட்டேன், என் வண்டி ஆறு மணிக்கு. அப்பறம் பாத்தா, அவரு வாட்சுல எப்பவும் நம்மூர் டைம்தானாம்! கேம்புல எல்லாரும் கிண்டல் பண்றானுங்க. மணி கேட்டா அதயே பாத்து சொல்லிடுவாராம். ஏன்ணா இப்பிடின்னு கேட்டா, 'எம் பொண்டாட்டி இப்ப இன்னா பண்றான்னு எனுக்குத் தெரிய வேணாமா'ன்றாரு. இன்னாக்கா, லைன்ல கீறியா?"

அம்சவேணி லைனில் இருந்தாள். கைப்பேசியின் மேலே ஓடுகிற குவைத் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சொன்ன பதினொன்று திருப்பதியின் பதினொன்று. அவளுக்குச் சட்டென்று புரியட்டும் என்று அவளுடைய ஊர் மணியில் சொல்லியிருக்கிறான். அவளோ அவனுடைய ஊர் மணி என்று எடுத்துக்கொண்டாள். இங்கே பதினொன்று என்றால் அங்கே எட்டரை. படத்தில் ரோஜா நிறம் முளைத்த அதே எட்டரை. ஒரு நிமிடம் முன்பின் இல்லை. புள்ளி சரி. அவள்தான் தன் கையாலேயே அதை அழிக்கக் கொடுத்துவிட்டாள்.

ஒரு மணி வரைக்கும் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, கேம்பில்தான் இருப்பான். உடனே கூப்பிட்டாள்.

"இன்னாமே இந்நேரத்துல? வேலைக்குப் போவல?"

"இப்ப மணி இன்னாயா?"

"பத்தே கால்."

"உன் கையில பத்தே கால். அந்த ரூம் செவுத்துல?"

தணிகாசலம் பெருமூச்சு விட்டான். "துலுக்காணம் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்க மாட்டானே."

"அவன விடு. நீ சொன்ன பதினொன்ன, நான் உங்கூர் பதினொன்னுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."

"அய்ய, நான் உனுக்கோசரம்தானே நம்மூர் மணி சொன்னேன்!"

"நானும் உனுக்கோசரம்தான் உங்கூர் மணியா எடுத்துக்கினேன்!"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு அது இருமலில் போய் முடிந்தது. அவள் அடங்கும் வரை காத்திருந்தாள்.

"இன்னிக்காவது உண்மைய சொல்லுயா. கோடவுனு?"

"மொதல் நாலு மாசம் நெஜமாவே கோடவுன்தான் அம்சா. சாமி சத்தியமா. அப்பறம் இங்கிலீஷ் எழுதத் தெரிஞ்ச ஒருத்தன் வந்தான். என்ன சல்லடைக்கு மாத்திட்டாங்க. உன்கிட்ட சொன்னா அன்னிக்கே பொட்டிய கட்டுன்னுவ."

"வடக்கேருந்து செவுரு மாறி வந்துச்சின்னியே?"

"அது சும்மா. கதைக்கு ஒரு தெச வேணாமா?"

"உன் கதையால என் புள்ளி போவப்போவுது." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். செயற்கைக்கோள், ரோஜா நிறம், ஐந்து நாள், பெங்களூர்க்காரர், ஆறு மணி. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அவள் வேலையைப் பற்றி அவன் இவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க பள்ளம் வானத்துலருந்து உனுக்குத் தெரியுதா?"

"பள்ளம் தெரியாது. அதுலருந்து கெளம்பற தூசி தெரியும். இப்ப நல்லா நெனச்சி சொல்லு. காத்தடிக்கச் சொல்ல, காத்துக்கு எதுருல மூஞ்ச வச்சிக்கினு நின்னா இன்னா தெரியும்?"

"வானம்தான். நீலமா, சுத்தமா கீது. திரும்பி முதுகு பக்கம் பாத்தாதான் ஒன்னும் தெரியாது. வெளிலருந்து வர்றதில்ல அம்சா. எங்க கால்கிட்டருந்தே கெளம்புது. தரை மேல கெட்டியா ஒரு பொருக்கு கீது. லாரி ஏறி அத ஒடைச்சிட்டா அடியில மைதா மாறி. முன்னெல்லாம் தண்ணி லாரி வந்து தெளிச்சிக்கினு இருந்துச்சி. ரெண்டு மாசமா அதுவும் இல்ல."

வரதராஜன் சார் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தது அவன் வாயில் இரண்டு பேச்சில் முடிந்துவிட்டது. எதிரே சுத்தம், முதுகுக்குப் பின்னால் தூசி. அப்படியானால் கிளம்பும் இடம் நிற்கிற இடம்தான்.

அடுத்ததைக் கேட்க அவளுக்கு இஷ்டமில்லை. கேட்காமலும் முடியாது.

"இத நான் எழுதிக் குடுத்தா, யாராவது வந்து பாப்பாங்க. தண்ணி தெளிக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க, வேலைய நிறுத்தினாலும் நிறுத்துவாங்க. உன் வேலை போனாலும் போவும்யா. எழுதட்டுமா வேணாமா?"

அங்கே யாரோ தூரத்தில் இருமும் சத்தம் கேட்டது. தணிகாசலம் இல்லை. வேறு ஆள்.

"நாப்பது பேரு கீறோம்" என்றான் அவன். "இப்ப இருமினவன் பீகார்க்காரன், இருபத்திரண்டு வயசு. என்னவிட மோசமா இருமுறான். எழுது. நான் விட்ட பொய்யால ஒரு நல்ல புள்ளி போவக்கூடாது."

வரதராஜன் சார் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "நேத்து தப்புன்னீங்க, இன்னைக்கு சரின்றீங்க. நான் என்னன்னு எழுதறது? அதுவும் உங்க வூட்டுக்காரர் விஷயம். பெங்களூர்ல சிரிக்க மாட்டாங்களா?"

"எதுக்கு சார் பதினொன்னு தப்பாப் போச்சின்னு கேளுங்க." அவள் சொன்னாள். கைப்பேசியின் மேலே ஓடும் குவைத் நேரத்தையும் காட்டினாள்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வூட்ல ஒரே கடியாரம்மா. அதுக்கே நானும் அவளும் தெனம் சண்டை." பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சரே, ஒண்ணு பண்ணலாம். உங்க பேச்சும் வேணாம், அவர் பேச்சும் வேணாம். தெரியாத கண்ணு ஒண்ணு பாக்கட்டும். ஜமீலா, ஆப்பிரிக்காவ மூடிட்டு இங்க வாங்க."

ஐந்து நாள் படங்களையும் தேதி இல்லாமல், பழைய புள்ளி இல்லாமல், நாட்களை முன்பின்னாக மாற்றி ஜமீலாவின் கம்ப்யூட்டரில் போட்டார். அம்சவேணியை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்குள் எல்லாப் புள்ளியும் விழுந்தால்தான் ஒரே இடம் என்று கணக்கு.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அம்சவேணி ஜமீலாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு ஒரு மணி நேரம் ஆடவில்லை. ஒரு தடவை மட்டும் திரும்பி, "இது இன்னா, ஈராக்கா குவைத்தா? ஒரே மணலா கீது, எனக்குத் தல சுத்துது" என்று உரக்கச் சொன்னாள். வரதராஜன் சார் பேசக்கூடாது என்று விரலைக் காட்டினார். ஜமீலா அந்தப் பக்கத்துப் படமே பார்த்தவள் இல்லை. காலையில் மேகம் மூடிய நாள் ஒன்று அதில் உண்டு. அந்த நாளுக்கு அம்சவேணிக்கே முக்கால் நாள் பிடித்தது.

கடைசியில் சார் புள்ளிகளை ஒன்றாகத் திறந்தார். நாலு புள்ளி, விதை தூவின மாதிரி நெருக்கமாக, ஒரு கிலோமீட்டருக்குள். ஐந்தாவது, மேகம் மூடிய நாள், கொஞ்சம் தள்ளி இருந்தது. அளந்தார். நாலே கால் கிலோமீட்டர்.

"பாஸ்" என்றார்.

ஜமீலா வெளியே வந்து அம்சவேணியின் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் யாருடைய இடம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. "உன் புள்ளியா அக்கா? நேத்து வாங்கின மைசூர்பாக நான் துன்னுட்டேனே. திருப்பித் தர முடியாது, சொல்லிட்டேன்."

ஐந்து மணி ஐம்பதுக்கு வரதராஜன் சார் அனுப்பினார். 'தரையில் உள்ளவர் கூறிய 11 மணி இந்திய நேரம்; முந்தைய தகவல் தவறு; காற்று வரும் பக்கம் வானம் தெளிவு' என்பதை ஆங்கிலத்தில் எழுதி, அம்சவேணியிடம் தமிழில் சொல்லிக் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். சாம்பல் நிறம் மாறவில்லை. ஆறு அடித்தது. அழியவும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்சவேணி என்ன சமைத்தாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை வந்து கம்ப்யூட்டரைத் திறந்தபோது புள்ளி பச்சையாக இருந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது. பட்டியலில் ஏறியது. கீழே பெங்களூர்க்காரர் ஒரு வரி எழுதியிருந்தார். அதை அம்சவேணி எழுத்துக் கூட்டித் தானே படித்தாள். அங்கே இருக்கிறவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பட்டியல் எப்போது எங்கே போய்ச் சேரும், தண்ணீர் லாரி எப்போது வரும் என்றெல்லாம் வரதராஜன் சாருக்கே தெரியாது. "மாசக் கணக்குல ஆவும்மா" என்றார். அதற்குள் அவள் அடுத்த கட்டுப் படத்தைத் திறந்துவிட்டாள். வேறு பாலைவனம், வேறு நாள். ரோஜா நிறம் அகலமாகப் பரவிக் கிடந்தது. ஒவ்வொரு படமாகப் பின்னால் போனாள். சுருங்கிச் சுருங்கி ஒரு கடுகு அளவுக்கு வந்ததும் புள்ளி வைத்தாள். பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. யாரும் அதை நிரப்புவதில்லை. அம்சவேணி நிரப்பினாள். 'இங்கே ஆள் இருக்கலாம். கேட்டுப் பார்க்கவும்.'

ஒரு மணிக்குப் படிக்கட்டு.

"ஏறிடுச்சியா. பச்சை."

"ஏறிடுச்சா!" அவன் போட்ட கூச்சலில் அங்கே யாரோ என்னவென்று கேட்டார்கள். "எம் பொண்டாட்டி நம்ம பள்ளத்த மேலருந்து புடிச்சிட்டா" என்று அவன் அவர்களிடம் இந்தியில் சொல்வதும், அவர்கள் நம்பாமல் சிரிப்பதும் கேட்டது. திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அம்சா, ஃபோர்மேன்கிட்ட லீவு கேட்டுட்டேன். ரெண்டு மாசம். குடுக்கறேன்னுட்டான். இருபத்திரெண்டாந்தேதி சென்னைக்கு பிளேன்."

அவள் இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள்.

"ஏய். லைன்ல கீறியா?"

"கீறேன். எறங்கினதும் நேரா சித்தூரு. ஹரிதா கூட வந்து நிப்பா. மொதல்ல எக்ஸ்ரே, அப்பறம்தான் வூடு."

"சரி."

"திரும்பிப் போறதப் பத்தி அதப் பாத்துட்டுத்தான் பேச்சு. சல்லடைக்கிப் போறதில்ல."

"சரிமே. எல்லாத்துக்கும் சரி. என்கிட்ட மட்டும் இவ்ளோ கேக்கிறியே. நீ எதயும் மறைக்கல?"

"நான் இன்னா மறைக்கிறேன்?"

"ஹரிதா சொன்னா. உன் முட்டி சரியாயிடுச்சின்னு எனுக்குச் சொன்ன. படி எறங்கச் சொல்ல செவுத்த புடிச்சிக்கினு எறங்குறியாம்."

அம்சவேணி தன் காலைப் பார்த்தாள். இரண்டு படி கீழே நீட்டி வைத்திருந்தாள். மடக்கினால் வலிக்கும். பதினோரு வருடம் மண் சுமந்து ஏறிய கால்.

"அவளுக்கு வாய் நீளம்" என்றாள்.

"என் பொண்ணு. அவகிட்ட சொல்லி வை, சீட்டு ரெண்டு பேருக்கும் சேத்து எழுதட்டும். என் நெஞ்சுக்கு ஒரு படம், உன் முட்டிக்கு ஒரு படம். ஒரே பெஞ்சில குந்திக்கினு எடுத்துக்கலாம்."

"ஆசையப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டிபன் டப்பா உள்ளே ஆறிக்கொண்டிருந்தது.